தணிவதாகத் தோன்றும் பதற்றம்: இளையோரும் புகையும் மனநலமும்

மன அழுத்தம் பற்றிய மருத்துவ அறிவுக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் ஹான்ஸ் செலியே. ஹங்கேரியப் பின்னணி கொண்ட கனடிய அறிஞர். மாண்ட்ரியலில் ஆய்வுக்கூடம் நடத்தியவர். பலமுறை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். 1969-இல் கனடிய நாடாளுமன்றக் குழு சிகரெட் விளம்பரங்களைக் கட்டுப்படுத்துவது பற்றி விசாரித்தபோது அவர் அங்கே சாட்சி சொன்னார். புகைபிடிப்பது பலருக்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் வழி, அதைப் பறித்தால் மனிதர்கள் வேறு கேடுகளில் விழுவார்கள் என்பது அவருடைய வாதம். அவருடைய ஆய்வுகளுக்குப் புகையிலை நிறுவனங்கள் பணம் கொடுத்ததன் முழு விவரம், அமெரிக்க நீதிமன்ற வழக்குகளால் அந்நிறுவனங்களின் உள் ஆவணங்கள் வெளியே வந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது.

செலியே மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர் சொன்னது மட்டும் சாகவில்லை. கல்லூரி விடுதியில், ஐ.டி. அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், தேர்வு முடிவு வரும் நாளில், காதல் முறிந்த மாலையில் நம் பையன்கள் அதைத்தான் சொல்கிறார்கள்: “டென்ஷனா இருக்கு மச்சான், ஒரு தம் போட்டுட்டு வந்துடறேன்.” புகைத்தால் புற்றுநோய் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. 2016 முதல் பாக்கெட்டின் 85 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைப் படமும் வாசகமும் நிரப்பியிருக்கின்றன. ஆனால் பத்தொன்பது வயதில் புற்றுநோய் என்பது நாற்பது ஆண்டுக்கு அப்பால் இருக்கிறது. பதற்றமோ இன்று, இந்த நிமிடம் இருக்கிறது. இன்றைய பதற்றத்துக்கு மருந்து என்று நம்புகிறவரிடம் நுரையீரல் படத்தைக் காட்டிப் பயனில்லை. அந்த நம்பிக்கையையே எடுத்து ஆராய வேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளில் அந்த ஆராய்ச்சி நிறைய நடந்திருக்கிறது. தமிழில் அது போதிய அளவு பேசப்படவில்லை.

பதற்றத்தைத் தருவதும் தணிப்பதும்

உள்ளே இழுத்த புகையிலிருந்து நிகோடின் மூளையை எட்டுவதற்கு 10 முதல் 20 நொடிகள் போதும். அசிட்டைல்கோலின் என்ற நரம்புவேதிக்காக மூளையில் அமைந்திருக்கும் ஏற்பிகளில் அது போய் ஒட்டிக்கொள்கிறது, டோபமைன் சுரக்கிறது, ஒரு தெளிவு, ஒரு நிம்மதி வருகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் இருக்கும் நிகோடின் பாதியாகக் குறைந்துவிடும். தொடர்ந்து நிகோடின் வரும்போது மூளை அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது, ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. பிறகு நிகோடின் வராத நேரமெல்லாம் அந்த ஏற்பிகள் பசித்துக் கிடக்கின்றன. எரிச்சல், படபடப்பு, எதிலும் மனம் நிலைக்காமை, சோர்வு, தூக்கக் கெடுதல் எல்லாம் வருகின்றன. இவை நிகோடின் விலகலின் அறிகுறிகள். மனப்பதற்றத்தின் அறிகுறிகளும் ஏறக்குறைய இவைதான். உள்ளிருந்து அனுபவிப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஆண்டி பாரட் 1999-இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் முக்கியமானது. புகைபிடிப்பவர்களின் மனநிலை நாள் முழுவதும் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பல ஆய்வுகளிலிருந்து தொகுத்துப் பார்த்தார். ஒரு சிகரெட் முடித்த உடனே அவர்களுடைய மனநிலை புகைக்காதவர்களின் சாதாரண நிலையை எட்டுகிறது. இரண்டு சிகரெட்டுக்கு நடுவே அதைவிடக் கீழே போகிறது. மொத்தத்தில் அவர்களுடைய சராசரி அழுத்தம் புகைக்காதவர்களைவிட அதிகம். வாங்கிய வட்டியிலிருந்தே நூறு ரூபாயை எடுத்து நீட்டிவிட்டு ‘ஆபத்துக்கு உதவினேன்’ என்று சொல்லும் கந்துவட்டிக்காரரின் வேலைதான் இது. அந்த நூறு ரூபாய் அந்த நேரத்துக்கு உண்மையாகவே உதவுகிறது. அதனால்தான் பையன் பொய் சொல்வதில்லை. தம் அடித்ததும் டென்ஷன் குறைந்தது என்று அவன் சொல்வது அவனுடைய நேர்மையான அனுபவம். அந்த டென்ஷனில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் அவனுக்குத் தெரிவதில்லை.

வளர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் இளையோருக்கு இரண்டு காரணங்களால் கூடுதல் ஆபத்து. முதலாவது, ஆசையை நிறுத்திவைத்து யோசிக்கும் முன்மூளைப் பகுதி இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பருவத்தில் நிகோடின் அந்த வளர்ச்சியின் போக்கையே மாற்றுகிறது என்பதற்கு விலங்காய்வுகளில் வலுவான சான்று உண்டு. மனிதர்களிடமும் அறிகுறிகள் தெரிகின்றன. அமெரிக்க மருத்துவர் ஜோசப் டிஃபிரான்சாவின் குழு மாசசூசெட்ஸில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் முடிவுகளை வெளியிட்டது. தினமும் புகைக்கத் தொடங்கும் முன்பே, எப்போதாவது புகைக்கத் தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே, சில பிள்ளைகளிடம் அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தெரிந்தன. ‘நான் எப்பவாவதுதான் அடிப்பேன்’ என்ற சமாதானம் பதின்வயதில் செல்லாது என்று இதற்குப் பொருள்.

இரண்டாவது காரணம் காலம். மனநோய்களில் பாதி பதினான்கு வயதுக்குள்ளும் முக்கால் பங்கு இருபத்துநான்கு வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று ரொனால்டு கெஸ்லரின் குழு 2005-இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டியது. புகையிலை கைக்கு வருவதும் அதே ஆண்டுகளில்தான். இந்தியாவில் 13 முதல் 15 வயதுவரையுள்ள மாணவர்களிடம் 2019-இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 8.5 விழுக்காட்டினர் ஏதோவொரு வடிவில் புகையிலை பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதைவிட மனத்தை உறுத்துவது இன்னொரு எண். சிகரெட்டைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகளில் 38 விழுக்காட்டினரும், பீடியில் 47 விழுக்காட்டினரும், மெல்லும் புகையிலையில் 52 விழுக்காட்டினரும் பத்து வயது நிரம்பும் முன்பே தொடங்கியிருந்தார்கள். கல்லூரி வாசலில் நின்றுகொண்டு இந்தப் பிரச்சினையைப் பேசுகிறோம். அது தொடங்குவது ஐந்தாம் வகுப்பில்.

எது முதலில்?

புகைக்கும் இளையோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. எது எதற்குக் காரணம் என்பதில்தான் நீண்டகாலச் சண்டை. மனம் நொந்தவர்கள் ஆறுதல் தேடிப் புகைக்குப் போகிறார்களா, புகை மனத்தை நோகடிக்கிறதா, அல்லது வறுமை, வீட்டு வன்முறை, சிறுவயதுத் துயரம் போன்ற மூன்றாவது காரணம் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவருகிறதா?

நியூயார்க் மாநிலத்தில் 688 இளையோரைப் பதினாறு வயதிலும் மீண்டும் இருபத்திரண்டு வயதையொட்டியும் சந்தித்து ஜெஃப்ரி ஜான்சன் குழு நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. பதின்வயதில் நாளுக்கு ஒரு பாக்கெட் அளவு புகைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் பீதிநோய், பொதுப் பதற்றநோய், வெளியிடங்களுக்குப் போக அஞ்சும் நோய் ஆகியவை வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. மறுதிசையில், பதின்வயதில் பதற்றநோய் இருந்தவர்கள் பிற்காலத்தில் தீவிரப் புகைபிடிப்பாளர்களாக ஆகும் வாய்ப்பு கூடவில்லை. மிகத் தெளிவான முடிவு. ஆனால் ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. 2017-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக் ஃப்ளுஹார்ட்டியும் சக ஆய்வாளர்களும் இத்தகைய நீண்டகால ஆய்வுகள் 148-ஐ ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதி ஆய்வுகள் மனத்துயரிலிருந்து புகைக்குப் போகும் பாதையைக் காட்டின. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகையிலிருந்து மனத்துயருக்குப் போகும் பாதையைக் காட்டின. தொடர்பே தென்படாதவையும் இருந்தன.

இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பிறகு மரபணுவைப் பயன்படுத்தினார்கள். புகைப்பழக்கத்துக்கு ஆளாகும் வாய்ப்பைச் சற்றே கூட்டும் மரபணு மாறுபாடுகள் பிறப்பிலேயே அமைபவை. வறுமையோ பரீட்சைத் தோல்வியோ அவற்றை மாற்றாது. அந்த மாறுபாடுகள் உள்ளவர்களுக்கு மனநோயும் கூடுதலாக இருந்தால், புகையே காரணமாகச் செயல்படுகிறது என்று ஊகிக்கலாம். பிரிட்டனின் உயிர்த்தரவு வங்கியிலுள்ள 4,62,690 பேரின் தகவல்களை வைத்து ராபின் வூட்டன் குழு இப்படி ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டது. புகைபிடித்தல் மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் காரணமாகிறது என்பதற்குச் சான்று கிடைத்தது. மனச்சோர்வு புகைக்கு இட்டுச்செல்வதற்கும் சான்று கிடைத்தது.

இரண்டு பாதைகளும் உண்மை என்பதே இன்றைய நிலை. நடைமுறையில் இது ஒரு சுழல்: நொந்த மனம் புகையைத் தேடுகிறது, புகை மனத்தை இன்னும் நோகடிக்கிறது. ஒரு தனி மனிதரிடம் இதைப் பேசும்போது மட்டும் கவனம் வேண்டும். சோர்ந்திருக்கும் பிள்ளையிடம் ‘நீ தம் அடித்ததால்தான் உனக்கு இது வந்தது’ என்று சொல்ல எந்த ஆய்வும் நமக்கு உரிமை தரவில்லை. மக்கள்தொகை அளவில் கண்ட தொடர்பை ஒரு பிள்ளையின் தலையில் குற்றமாகச் சுமத்துவது அறிவியலும் அல்ல, அன்பும் அல்ல.

மனப்பிறழ்வு நோய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-இல் 61 ஆய்வுகளைத் தொகுத்தபோது, முதன்முறையாக மனப்பிறழ்வுடன் சிகிச்சைக்கு வந்தவர்களில் 57 விழுக்காட்டினர் ஏற்கெனவே புகைப்பவர்களாக இருந்தார்கள். ‘நோயாளி ஆறுதலுக்காகப் புகைக்கிறார்’ என்ற பழைய விளக்கம் இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை. நோய் கண்டறியப்படும் முன்பே பழக்கம் வந்துவிட்டது. சிகிச்சையிலும் ஒரு சிக்கல் உண்டு. புகையிலுள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிடுவதால் குளோசபின், ஒலான்சபின் போன்ற மருந்துகள் உடலில் வேகமாகக் கரைகின்றன. புகைப்பவருக்கு மருந்தளவு கூடுதலாக வேண்டியிருக்கும். திடீரென நிறுத்தினால் அதே அளவு மருந்து மிகையாகிவிடும். எனவே இம்மருந்துகளை உட்கொள்பவர் புகையை விடும்போது மருத்துவரிடம் சொல்லிவிட்டே விட வேண்டும். இதை வீட்டார் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முடிவில்லாத சிகரெட்

வேப் என்று அழைக்கப்படும் இ-சிகரெட்டை இன்றைய வடிவில் 2003-இல் உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர். அவரே தீவிரப் புகைபிடிப்பாளர். தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புகைப்பவர்கள் விடுபடுவதற்கான கருவியாகவே அதை நினைத்தார். அந்த நோக்கத்துக்கு அது உதவவும் செய்கிறது: புகைக்கும் பெரியவர்கள் சிகரெட்டை விடுவதற்கு நிகோடின் பசை, பட்டை ஆகியவற்றைவிட நிகோடின் வேப் கூடுதலாக உதவுவதாக, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் வலுவான சான்றுடன் சொல்கின்றன. எரியும் சிகரெட்டைவிட வேப் தீங்கு குறைந்தது என்பதும் நியாயமான கூற்றே. ஆனால் அந்த ஒப்பீடு இருபது ஆண்டு புகைத்தவருக்கு உரியது. ஒருபோதும் புகைக்காத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒப்பிட வேண்டியது சிகரெட்டை அல்ல, சுத்தமான காற்றை.

பிள்ளைகளிடம் அது போய்ச் சேர்ந்த கதை ஜூல் என்ற அமெரிக்கக் கருவியுடன் வேகம் பெறுகிறது. 2015-இல் சந்தைக்கு வந்த ஜூல், நிகோடினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து நிகோடின் உப்பாக்கியது. பழைய வேப்களில் நிகோடின் கூடினால் தொண்டை எரியும், இருமல் வரும். அதுவே புதியவருக்கு ஒரு தடையாக இருந்தது. உப்பு வடிவில் எரிச்சல் மிகக் குறைவு. மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் என்ற செறிவிலும் தொண்டையில் இதமாக இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்சம் 20 மில்லிகிராம் மட்டுமே. மாம்பழ, புதினா வாசனைகள், பென் டிரைவ் போன்ற தோற்றம், சமூக ஊடக விளம்பரம் எல்லாம் சேர்ந்தன. 2017-இல் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் 11.7 விழுக்காடாக இருந்த வேப் பயன்பாடு 2019-இல் 27.5 விழுக்காடானது. இடையில், 2018 டிசம்பரில், அந்நாட்டின் தலைமை மருத்துவர் இதைக் கொள்ளைநோய் என்றே அறிவித்தார். வாசனைகள் மீதான கட்டுப்பாடு, வயது வரம்பு உயர்வு, வழக்குகள் ஆகியவற்றுக்குப் பிறகு 2024-இல் அது 7.8 விழுக்காடாக இறங்கியது. இறங்கக்கூடியது என்பதற்கு இது நல்ல சான்று.

2019-இல் அமெரிக்காவில் 2,807 பேரை மருத்துவமனைக்கு அனுப்பி 68 உயிர்களைக் கொண்டுபோன நுரையீரல் நோயைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த கள்ளச்சந்தைத் திரவத்தில் இருந்த வைட்டமின் ஈ அசிட்டேட்டால் வந்தது. நம் கேள்வி மனம் பற்றியது என்பதால் அதைக் கடந்து செல்கிறேன்.

மனத்தைப் பொறுத்தவரை வேப்பின் தனி ஆபத்து அதன் அமைப்பிலேயே இருக்கிறது. சிகரெட் ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். பற்றவைக்க வேண்டும், வெளியே போக வேண்டும், நாற்றம் வரும். வேப்புக்கு இவை எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான இழுப்புகள் கொண்ட கருவி தலையணைக்கடியில் கிடக்கிறது. நடு இரவில் விழித்து இரண்டு இழுப்பு, வகுப்பு இடைவேளையில் கழிப்பறையில் நான்கு இழுப்பு என்று நாள் முழுவதும் சிறு சிறு விலகலும் சிறு சிறு தணிவுமாகப் போகிறது. நிகோடின் விழிப்பூட்டும் பொருள். இரவில் இழுத்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்ட பதின்வயதினரின் மனநிலை எப்படி இருக்கும் என்பது வீட்டில் பிள்ளை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதி உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் 2,460 பேரை ஓராண்டு தொடர்ந்த ஆய்வு 2017-இல் வந்தது. தொடக்கத்தில் மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாக இருந்தவர்கள் பிறகு வேப்பையோ சிகரெட்டையோ தொடும் வாய்ப்பு கூடியிருந்தது. தொடர்ந்து வேப் இழுத்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் மற்றவர்களைவிட வேகமாக ஏறின. அதாவது சிகரெட்டில் கண்ட அதே சுழல். வேப் வந்து இன்னும் ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. சிகரெட்டுக்கு இருப்பது போன்ற நாற்பதாண்டுத் தரவு இதற்கு இல்லை. ஆனாலும் மூளை நிகோடினை அறியுமே தவிர அது எந்தக் கருவியில் வந்தது என்பதை அறியாது. தெளிவான சான்றுக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லி ஒரு தலைமுறையைச் சோதனைக்கு விடுவது சரியாகாது. உலக நலவாழ்வு அமைப்பு 2025 அக்டோபரில் தந்த மதிப்பீட்டின்படி 13 முதல் 15 வயதுவரையுள்ள குறைந்தது ஒன்றரைக் கோடிப் பிள்ளைகள் வேப் இழுக்கிறார்கள்.

தமிழர்கள் கணிசமாக வாழும் இரண்டு நாடுகளின் அனுபவம் நமக்கு உடனடியாகப் பயன்படும். மலேசியா 2023 மார்ச் 31 அன்று நிகோடின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. வரி விதிக்க வழி பிறந்தது. ஆனால் சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் அப்போது கையில் இல்லை. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வர 2024 அக்டோபர் 1 ஆகிவிட்டது. ஒன்றரை ஆண்டு இடைவெளி! சிங்கப்பூர் நேர் எதிர். அங்கே வேப் முழுத் தடை. அப்படியிருந்தும் 2025-இல், பறிமுதல் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்தது. அறுவை சிகிச்சையின்போது மயக்கம் கொடுக்கப் பயன்படும் மருந்து அது. ‘கேபாட்’ என்ற பெயரில் இளையோரிடையே புழங்கியது. 2025 செப்டம்பர் 1 முதல் அந்நாடு எட்டோமிடேட்டைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்து, தண்டனையைக் கூட்டி, மறுவாழ்வு ஆலோசனையையும் இணைத்தது. கருவிக்குள் என்ன இருக்கிறது என்பது இழுப்பவருக்கே தெரியாது என்பதுதான் இதில் அஞ்ச வேண்டியது.

நம் ஊரில்

தமிழ்நாடு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019-இல் ஒன்றிய அரசின் சட்டம் வந்தது: தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம், முதல் முறை ஓராண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். நான் இந்தத் தடையை ஆதரிக்கிறேன். அமெரிக்காவில் நடந்தது இங்கே நடக்காமல் போனதில் அதற்கும் பங்கிருக்கலாம். 2019 கணக்கெடுப்பில் வேப்பைத் தொட்டுப் பார்த்த இந்திய மாணவர்கள் 2.8 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால் தடை செய்த பொருள் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. சட்டவிரோதம் என்பதாலேயே பிடியில் சிக்கிய பிள்ளை உதவி கேட்கத் தயங்குகிறது.

வேப்பைப் பற்றி மட்டும் கவலைப்படுவது நகரத்து ஆங்கிலப் பள்ளிகளின் பெற்றோருக்கு இயல்பு. தமிழ்நாட்டின் பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு நிகோடின் வரும் வழி வேறு. ஒன்று, பெட்டிக்கடையில் சில்லறையாகக் கிடைக்கும் ஒற்றை சிகரெட். முழுப் பாக்கெட்டுக்கான காசும் வேண்டாம், எச்சரிக்கைப் படமும் கண்ணில் படாது. மற்றொன்று கூல் லிப். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் சிறு பொட்டலம், புதினா வாசனை, புகையில்லை. வாயில் வைத்துக்கொண்டே கணக்குப் பாடம் கேட்கலாம், ஆசிரியருக்குத் தெரியாது. பள்ளி மாணவர்களிடையே இது பரவியிருப்பதைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் கடுமையான கவலை தெரிவித்து, ஒன்றிய, மாநில அரசுகளிடமும் தயாரிப்பாளர்களிடமும் விளக்கம் கேட்டது. குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வருகிறது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. சிறாருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டுவரை கடுங்காவல் என்று சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் நின்று நூறு கெஜம் அளந்து பாருங்கள்.

திரைப்படத்தையும் விட்டுவிட முடியாது. நம் சினிமாவில் சிகரெட் வெறும் ஸ்டைல் மட்டுமல்ல. நாயகன் தனியாக இருக்கும்போது, காதலி பிரிந்தபோது, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும்போது அது விரலிடுக்கில் வருகிறது. துயரத்துக்குத் துணை அது என்று பல பத்தாண்டுகளாகக் காட்சிகள் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. செலியே நாடாளுமன்றத்தில் சொன்னதன் திரை வடிவம்தான். 2002-இல் ‘பாபா’ படத்தின் புகைக்காட்சிகளையொட்டி எழுந்த எதிர்ப்பும், 2018-இல் நாயகன் புகைப்பதைக் காட்டிய ‘சர்கார்’ படத்தின் முதல் சுவரொட்டி விலக்கிக்கொள்ளப்பட்டதும் வீணான சச்சரவுகள் என்று பலர் கேலி செய்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திரையில் புகைப்பதைக் காண்பது இளையோரைப் புகைக்கத் தூண்டுகிறது என்பதைக் காரண-விளைவு உறவாகவே அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2012 அறிக்கை உறுதிசெய்தது. காட்சியின் ஓரத்தில் ஓடும் எச்சரிக்கை வரி அந்தக் காட்சியின் உணர்வை மாற்றுவதில்லை.

பெண்பிள்ளைகள் பற்றி ஒரு சொல். 2019 கணக்கெடுப்பில் மாணவர்களில் 9.6 விழுக்காட்டினரும் மாணவியரில் 7.4 விழுக்காட்டினரும் புகையிலை பயன்படுத்தினார்கள். இடைவெளி நாம் நினைப்பதைவிடச் சிறியது. பையனுக்குத் திட்டு கிடைக்கும். பெண்ணுக்கு நடத்தையே கேள்விக்குள்ளாகும். அதனால் அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், அவளுடைய மனச்சோர்வும் அதே மௌனத்துக்குள் போய்விடும்.

விட்டால் மனம் என்ன ஆகும்?

‘ஏற்கெனவே மனசு சரியில்லாத பிள்ளை, இதையும் பிடுங்கினால் தாங்குமா’ என்று மருத்துவர்களே தயங்கிய காலம் உண்டு. மனநல மருத்துவமனைகளில் சிகரெட்டைப் பரிசாகக் கொடுத்து நோயாளிகளை அமைதிப்படுத்திய வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அந்தத் தயக்கத்துக்கு ஆதாரம் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. 2014-இல் ஜெம்மா டெய்லர் குழு 26 ஆய்வுகளைத் தொகுத்தது: புகையை விட்டவர்களிடம், தொடர்ந்தவர்களைவிட, பதற்றமும் மனச்சோர்வும் அழுத்தமும் குறைந்தன. அந்த முன்னேற்றத்தின் அளவு மனச்சோர்வு மருந்துகள் தரும் பலனுக்கு ஈடாக இருந்தது. மனநோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இருவருக்கும் இது பொருந்தியது. 2021-இல் காக்ரேன் அமைப்புக்காக 102 ஆய்வுகளுடன் மீண்டும் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை.

முதல் வாரம் கடினம் என்பதை மறைக்கக் கூடாது. எரிச்சலும் பதற்றமும் முதல் சில நாள்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் அடங்கும். பெரும்பாலானோர் அந்த முதல் வாரத்தில்தான் ‘எனக்கு இது இல்லாமல் முடியாது’ என்ற முடிவுக்கு வந்து திரும்பிவிடுகிறார்கள். அந்த வாரத்தைக் கடக்கத் துணை வேண்டும். பெரியவர்களுக்கு மருந்துத் துணையும் உண்டு; 8,144 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஈகிள்ஸ் ஆய்வு, வாரெனிக்ளின் போன்ற மருந்துகள் மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் கூடுதல் ஆபத்தைத் தரவில்லை என்று காட்டியது. இளையோருக்கும் நம்பிக்கையான செய்தி வந்திருக்கிறது. வேப்பை விட விரும்பிய 16 முதல் 25 வயதுவரையுள்ள 261 பேரிடம் பாஸ்டனில் நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், ஆலோசனையோடு வாரெனிக்ளினும் பெற்றவர்களில் 51 விழுக்காட்டினர் சிகிச்சையின் கடைசி மாதத்தில் முழுமையாக விலகியிருந்தார்கள். ஆலோசனையோடு போலி மாத்திரை பெற்றவர்களில் 14 விழுக்காட்டினர். மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து இது.

நம் நாட்டில் இந்த உதவி பிள்ளையிடம் போய்ச் சேருவதற்குத் தடையாக இருப்பது நம்முடைய நிர்வாகப் பிரிவினைதான். தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒரு பக்கம், மாவட்ட மனநலத் திட்டம் இன்னொரு பக்கம். பள்ளியில் புகையிலை ஒழிப்பு என்றால் உறுதிமொழி, சுவரொட்டிப் போட்டி, ஊர்வலம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16-இல் 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. அதில் எத்தனை பேர் கையில் சிகரெட் இருக்கிறது என்று பள்ளி கேட்பதில்லை, கையில் சிகரெட்டோடு பிடிபட்டவனிடம் தூக்கம் வருகிறதா என்றும் கேட்பதில்லை. பிடிபட்டால் பெற்றோரை வரச்சொல்வது, இடைநீக்கம், மாற்றுச் சான்றிதழ். அழுத்தத்தில் இருப்பதால் புகைத்தவனுக்கு இன்னும் அழுத்தம், மேற்பார்வையில்லாத பகல்பொழுது, கூடவே அவமானம். தண்டனையாகவே வைத்துக்கொண்டாலும் இதைவிட மோசமான தண்டனையை வகுக்க முடியாது.

வேறு வழி இருக்கிறது என்பதை ஐஸ்லாந்து காட்டியது. 1998-இல் அங்கே 15, 16 வயதினரில் 23 விழுக்காட்டினர் தினமும் புகைத்தார்கள். 2016-இல் 3 விழுக்காட்டினர். அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. ஆண்டுதோறும் பிள்ளைகளிடமே கணக்கெடுத்து ஊர் ஊராக முடிவுகளைப் பெற்றோர் முன் வைத்தார்கள். விளையாட்டு, இசை, கலைப் பயிற்சிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசுப் பணம் கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவிட ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பதின்வயதினர் இரவில் வெளியே சுற்றும் நேரத்தைக் குறைத்தார்கள். நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் கொண்ட பணக்கார நாட்டை எட்டுக் கோடிப் பேர் வாழும் தமிழ்நாட்டோடு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மாலை நான்கு மணிக்குப் பிறகு பிள்ளைக்குப் போக ஓர் இடம் இருக்கிறதா என்ற கேள்வி எந்த நாட்டுக்கும் பொருந்தும். நம் பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிட்டு, மாணவர்கள் டென்ஷனில் இருக்கிறார்கள் என்று வருந்துகிறோம்.

மாவட்ட மனநல மருத்துவரும் புகையிலைத் தடுப்பு ஆலோசகரும் ஒரே அறையில் ஒரே பிள்ளையைப் பார்க்க வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். பள்ளிகள் இடைநீக்கத்தைக் கைவிட்டு, பிடிபடும் ஒவ்வொரு மாணவரையும் ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஒன்று கேட்கிறேன். பையிலோ படுக்கையிலோ அந்தப் பொருள் அகப்பட்டால், ‘யார் வாங்கிக்கொடுத்தது’ என்று தொடங்காதீர்கள். ‘எவ்வளவு நாளாக மனசு சரியில்லை’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்தில் இருங்கள். பிறகு சேர்ந்தே தொலைபேசியை எடுங்கள். தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண் 1800-11-2356. மனநல உதவிக்கான டெலி மனஸ் எண் 14416. இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழில் பேசலாம்.